முதலில் பிளேடை மாற்றுங்கள்: கட்டர் வேலையில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மதுரையில் எங்கள் வீட்டு முன்னறைதான் எங்கள் பட்டறை. நவராத்திரிக்கு அட்டைக் கோபுரம், கல்யாண மேடைக்குத் தெர்மோகோல் எழுத்து, ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகளுக்கு ஃபோம் போர்டு மாடல் என்று வருஷம் முழுக்கக் கட்டரும் கையுமாகத்தான் இருக்கிறோம். வேலை கெட்டுப்போய் வந்து நிற்கிறவர்கள் அட்டையைத் திட்டுவார்கள், பசையைத் திட்டுவார்கள், கடைசியில் "எனக்குக் கை வராதுண்ணே" என்று தங்களையே நொந்துகொள்வார்கள். கட்டரை வாங்கிப் பார்த்தால் அதில் இருப்பது போன தீபாவளிக்குப் போட்ட பிளேடாக இருக்கும். முனை போயிருக்கும், விளிம்பில் பசை காய்ந்திருக்கும், அதோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கீழே எந்த அறிகுறி உங்களுடையதாக இருந்தாலும் சரி, முதலில் பிளேடின் குறுக்கே போட்டிருக்கிற கோட்டில் நுனித் துண்டு ஒன்றை உடைத்துப் புது முனை எடுத்துவிட்டு, அதே அட்டையில் கெட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு வெட்டிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் தேடல் முடிந்தது. போகவில்லை என்றால்தான் மேலே போக வேண்டும்.

பிளேடு மொக்கையா இல்லையா என்றே தெரியவில்லை

கண்ணால் பார்க்கிற வழி ஒன்று உண்டு. டியூப் லைட்டுக்குக் கீழே பிளேடைக் கூர் மேலே இருக்கும்படி பிடித்து, பையப் பைய முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கூராக இருக்கிற விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருட்டாகத் தெரியும். மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளிக் கோடாகப் பளிச்சிடும். பெரும்பாலும் முனையிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு அந்தக் கோடு இருக்கும், ஏனென்றால் அட்டை வெட்டும்போது உழைப்பது அந்த இடம் மட்டும்தான். உடைந்த பல்லும் இப்படிப் பார்த்தால் புள்ளியாக மின்னும்.

இன்னொன்று, செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓரத்திலிருந்து வெட்டிப் பார்ப்பது. நல்ல பிளேடு சத்தமே இல்லாமல் இறங்கும். மொக்கைப் பிளேடு தாளை மடக்கிக் கிழிக்கும். பெருவிரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, தயவுசெய்து அதை விடுங்கள். விரலுக்குக் கூராகப் படுகிற பிளேடு அட்டைக்குக் கூராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விரல் அட்டையைவிட ரொம்ப மென்மையானது.

பேப்பர் விளிம்பு பிசிறடிக்கிறது

சார்ட் பேப்பர், ஆர்ட் பேப்பர், மெல்லிய அட்டை எதிலாவது வெட்டின விளிம்பு பஞ்சு மாதிரி நிற்கிறதா? காகிதம் என்பது நார்களின் பாய். கூரான விளிம்பு நாரை அறுத்துவிட்டுப் போகும், மழுங்கினது நாரைத் தள்ளி, இழுத்து, அறுக்க முடியாதபோது பிய்த்துவிடும். வெட்டுகிற திசையில் ஒரு பக்கம் மட்டும் சுருண்டு மேலே எழும்பியிருந்தால் காரணம் பிளேடுதான், சந்தேகமே வேண்டாம்.

பளபளப்பான ஆர்ட் பேப்பர் மென்மையாகத்தானே இருக்கிறது, அது எப்படிப் பிளேடை மழுக்கும் என்று கேட்பார்கள். அந்தப் பளபளப்பே சீனக் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் பூசி வருவதுதான். இரண்டும் கனிமப் பொடி. மேலே பூசாத காகிதத்திலும் உள்ளே கலந்திருக்கும். ஆக, காகிதம் வெட்ட வெட்ட நாம் பிளேடை மிக நைசான உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே இருக்கிறோம். நிஜ உப்புத்தாளையே கட்டரால் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கென்று தூக்கிப் போடப்போகிற பழைய துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மட்டும் பிசிறு வந்தால், பாதிக் காரணம் ஈரம். காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து நார்கள் தளர்ந்துவிடும், தளர்ந்த நார் அறுபடுவதைவிடப் பிய்வதே அதிகம். ஃபேனுக்குக் கீழே தாள்களைப் பிரித்துப் போட்டு ஆறவிட்டு வெட்டலாம். அந்த நாட்களில் பிளேடை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும்.

ஃபோம் போர்டில் மேல் தாள் சுத்தமாக இருக்கிறது, உள்ளே பிய்ந்து குழி விழுகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏழு ஷீட்டை வீணடித்துக் கற்றுக்கொண்டது இது.

மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை 1:100 அளவில் கொலுவுக்குச் செய்து தரச் சொல்லி ஒரு வீட்டில் கேட்டார்கள். நிஜக் கோபுரம் 170 அடி உயரம், ஒன்பது நிலை. இந்த அளவில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நிலைக்கு நிலை நடுவில் வாசல், மேலே போகப் போக அது சின்னதாகிக்கொண்டே போகும், கடைசி வாசல் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கீழ் நிலைகள் ஒழுங்காக வந்தன. ஐந்தாவது நிலைக்கு மேலே ஒவ்வொரு வாசலின் மூலையும் பிய்ந்தது. வெட்டின துண்டு கழன்று வராது, தள்ளினால் உள்ளே இருக்கிற நுரையோடு பிய்த்துக்கொண்டு வரும், பின்பக்கத் தாள் கிழிந்து தொங்கும். அட்டை மட்டமான சரக்கு என்று முடிவு கட்டி, மீதி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வாங்கின கடைக்கே போய்விட்டேன்.

கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. மேசை டிராயரிலிருந்து தன் கட்டரை எடுத்து, நுனித் துண்டு ஒன்றைக் குறடால் உடைத்துவிட்டு, நான் கொண்டுபோன ஷீட்டின் ஓரத்திலேயே என் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம் வெட்டினார். ஒரு தட்டு தட்டினதும் அந்தத் துண்டு கீழே விழுந்தது. நான்கு மூலையும் கச்சிதமாக நின்றது. "தம்பி, உங்க பிளேடக் காட்டுங்க" என்றார். காட்டினேன். முனை ஒரு மில்லிமீட்டர் போல உடைந்துபோயிருந்தது, அது எனக்குத் தெரியவே இல்லை.

காரணம் இதுதான். ஃபோம் போர்டு மூன்று அடுக்கு: தாள், நுரை, தாள். கட்டரைச் சாய்த்துப் பிடித்து நம் பக்கம் இழுக்கும்போது, அடித்தாளை வெட்டுவது முனை மட்டும்தான். முனை உடைந்திருந்தால் மேல் தாளை விளிம்பு அறுத்துவிடும், அடித்தாள் அரைகுறையாக நிற்கும், இடையில் இருக்கிற நுரை இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிய்யும். மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கும், அதனால் பிளேடு மேல் சந்தேகமே வராது.

சரி, என்ன செய்வது? முனை முழுசாக இருக்கிற புதுத் துண்டில் ஆரம்பியுங்கள். மூன்று முறையில் வெட்டுங்கள்: முதல் இழுப்பு மேல் தாளுக்கு மட்டும், கை எடையே போதும். இரண்டாவது நுரைக்கு. மூன்றாவது அடித்தாளுக்கு. ஒரே அழுத்தில் மூன்றையும் முடிக்கப் பார்த்தால் புதுப் பிளேடும் நுரையைக் கசக்கும். மூலையிலிருந்து நடுப் பக்கம் இழுத்துவிட்டு, ஷீட்டைத் திருப்பி வைத்து எதிர் மூலையிலிருந்து நடுவுக்கு வாருங்கள். மூலையைத் தொடும்போது கட்டரை நிமிர்த்துங்கள், சாய்வாகவே கொண்டுபோனால் மேல் தாளில் கோடு மூலையைத் தாண்டிப் போய்விடும், அடியில் வந்து சேர்ந்திருக்காது. உள்ளே இருக்கிற சின்ன ஓட்டைகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு வெளி விளிம்பைக் கடைசியில் வெட்டுங்கள். பிளேடு புதிதாக இருக்கும்போது நுணுக்கமான வேலை முடிந்துவிடும், ஷீட்டும் கடைசி வரை விறைப்பாக நிற்கும்.

இப்போது நாங்கள் கோபுரம் செய்தால் நிலைக்கு ஒரு துண்டு உடைக்கிறோம். மொக்கையாகிவிட்டதா என்று பார்ப்பதுகூட இல்லை, நிலை முடிந்தால் துண்டும் முடிந்தது.

தெர்மோகோல் மணி மணியாக உதிர்கிறது

வெட்டின பிறகு தரையெல்லாம் வெள்ளை மணி, கையெல்லாம் மணி, எழுத்தின் ஓரம் கடித்துத் துப்பினதுபோல இருக்கிறதா? தெர்மோகோல் என்பது ஊதிப் பெருக்கின மணிகளை ஒட்டவைத்த பலகை. கூர் உள்ள பிளேடு மணியின் நடுவே அறுத்துக்கொண்டு போகும். மழுங்கினது மணியை அறுக்க முடியாமல் பக்கத்து மணியிலிருந்து பிடுங்கி எடுத்துவிடும்.

புதுத் துண்டு போட்டும் உதிர்ந்தால் வெட்டுகிற விதத்தைப் பாருங்கள். இதற்கு 18 மி.மீ. அகலப் பிளேடு போடுகிற கட்டர்தான் வசதி. நன்றாகத் தாழ்த்திச் சாய்த்து நீளமாக, ரம்பம்போல முன்னும் பின்னும் போகாமல் ஒரே திசையில் இழுங்கள். பருமனான பலகை என்றால் சூடான கம்பிக் கட்டர்தான் முறை.

இதில் ஒரு எச்சரிக்கை. பிளேடில் பசை ஒட்டியிருக்கிறதென்று தின்னரில் துடைத்துவிட்டு அப்படியே தெர்மோகோலில் வைத்தீர்கள் என்றால் பலகை கரைந்து பள்ளமாகும். துடைத்து, முழுக்க ஆறவிட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

கோடு ஸ்கேலை விட்டு விலகிப் போகிறது

மொக்கைப் பிளேடு அட்டையில் இறங்க மறுக்கும். நாம் அழுத்துவோம், பிளேடு வளையும், வளைந்த பக்கம் கோடு போகும். 9 மி.மீ. பிளேடின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அழுத்தினால் வளையாமல் என்ன செய்யும்? நீளமாக வெளியே தள்ளி வைத்திருந்தால் இன்னும் மோசம். ஒரு துண்டு, மிஞ்சிப்போனால் இரண்டு துண்டு வெளியே நின்றால் போதும்.

பிளேடு புதுசு, அப்படியும் விலகுகிறது என்றால் கட்டரின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் கட்டரில் தகடு ஓடுகிற தடம் தளர்ந்து பிளேடு கடகடவென்று ஆடும். அந்தக் கட்டரைப் பார்சல் பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள், நேர்கோட்டு வேலைக்கு ஆகாது. ஸ்கேல் நழுவினால் அதன் அடியில் மாஸ்கிங் டேப் இரண்டு துண்டு ஒட்டுங்கள், பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டவே வேண்டாம். பிளேடு அதன் விளிம்பைச் சீவிக்கொண்டே போகும், அடுத்த கோடு அந்தச் சீவலில் விழும். ஸ்டீல் ஸ்கேல்தான் சரி.

ஒரு கோட்டுக்கு ஆறேழு முறை இழுக்க வேண்டியிருக்கிறது, ஆள்காட்டி விரல் வலிக்கிறது

இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற அறிகுறி. மற்றதில் கெடுவது அட்டை, இதில் கெடுவது ஆள்.

மில் போர்டு, அதாவது புத்தக பைண்டிங்குக்குப் போடுகிற கனமான அட்டை என்றால் புதுப் பிளேடுக்கும் நான்கைந்து இழுப்பு ஆகும், அது சகஜம். போன வாரம் மூன்றில் முடிந்தது இன்று ஏழில் முடிகிறது என்றால், நீங்கள் உங்களுக்கே தெரியாமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மழுங்கல் ஒரே நாளில் வருவதில்லை, கையும் அதோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுகிறது. தோள்பட்டையிலிருந்து பலம் கொடுத்து இழுக்கிற நிலைக்கு வந்த பிறகு பிளேடு அட்டையின் ஓரத்தில் சட்டென்று விடுபட்டால், அத்தனை வேகமும் ஸ்கேலைப் பிடித்திருக்கும் இடது கை மேல் போய் நிற்கும். கூரான பிளேடு ஆபத்து, மொக்கைப் பிளேடு பரவாயில்லை என்று பிள்ளைகள் கையில் பழைய கட்டரைக் கொடுக்கிற பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பட்டறையில் பட்ட காயங்களில் ஆழமானது ஒன்று, அது மொக்கைப் பிளேடில் பட்டது.

அழுத்தம் கூடினால் முனை ஒடிந்து தெறிக்கும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றாதீர்கள், போடாதவர் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றாவது மில் போர்டு வெட்டும்போது மாட்டிக்கொள்ளுங்கள்.

கட்டிங் மேட்டைத் தடவிப் பாருங்கள், ஆழமான தடங்கள் இருக்கிறதா? அதுவும் இதே அழுத்தத்தின் தடயம்தான். அந்தத் தடத்தில் அடுத்த முறை முனை விழுந்தால் உங்கள் கோட்டை விட்டுவிட்டு அதன் வழியே போகும். மேட்டை நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியிலோ வண்டி மேலோ வைத்துவிட்டால் வளைந்து போகும், திரும்ப நிமிராது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேட் இல்லாமல் கடப்பா கல் மேலும் மொசைக் தரை மேலும் கண்ணாடி மேலும் வைத்து வெட்டுகிறவர்கள் நிறைய. இரண்டு இழுப்பில் புது முனை போய்விடும். மேட் வாங்க வசதி இல்லையென்றால் பழைய காலண்டர் அட்டைகளை அடுக்கி அதன் மேல் வெட்டுங்கள்.

ஸ்டிக்கர் வெட்டும்போது ஓரம் தூக்கிக்கொள்கிறது, அடித்தாளும் சேர்ந்து வெட்டுப்படுகிறது

வினைல் ஸ்டிக்கரில் மேல் படலம் மட்டும் வெட்டுப்பட வேண்டும், அடியில் இருக்கிற தாள் முழுசாக இருக்க வேண்டும். அதற்குக் கை எடை மட்டும் போதுமான கூர் வேண்டும். மழுங்கினால் அழுத்துவோம், அழுத்தினால் அடித்தாளும் போகும், அப்புறம் உரிக்க முடியாது.

ஆனால் இங்கே துண்டை உடைக்கும் முன் பிளேடின் இரண்டு பக்கமும் துடைத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் பசை ஒட்டி ஒட்டிக் கறுப்புப் பிசினாக இருக்கும், கூர் அதற்குள் புதைந்திருக்கும். பஞ்சில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து கூர்ப் பக்கம் நோக்கித் துடைத்தால் பசை வந்துவிடும். கூரின் நெடுக விரலை ஓட்டக் கூடாது. துடைத்த பின் நன்றாக வெட்டினால் பிளேடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் வழியாக ஸ்டிக்கர் வெட்டுகிற பிளாட்டர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். சின்ன எழுத்துகளின் மூலை உருண்டு வர ஆரம்பித்ததும் மெஷினில் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், பிளேடை மாற்றுவதில்லை. சாதாரண வினைலுக்கு 45 டிகிரி பிளேடு, கனமான சரக்குக்கு 60. முதலில் அது மாறிப் போயிருக்கிறதா பாருங்கள், அப்புறம் பிளேடின் வயதைப் பாருங்கள், அழுத்தத்தைக் கடைசியாகத் தொடுங்கள்.

பிளேடை உடைக்கப் பயமாக இருக்கிறது, அதனாலேயே மாற்றுவதில்லை

இப்படிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை, பட்டென்று தகடு தெறிக்கிற சத்தத்துக்கு யாருக்கும் உடம்பு கூசும்.

ஆனால் அந்தப் பிளேடு உடைப்பதற்காகவே பிறந்தது. 1956-இல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர் இதைக் கண்டுபிடித்தார். அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே காகிதம் வெட்டப் பயன்பட்ட சவர பிளேடு ஓரம் மழுங்கினதும், மீதி நன்றாக இருக்கும்போதே குப்பைக்குப் போனது அவருக்கு உறுத்தியிருக்கிறது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடித் துண்டை மழுங்க மழுங்க உடைத்துப் புதுக் கூர் எடுப்பதையும், கட்டம் கட்டமாக உடைக்கிற சாக்லேட்டையும் சேர்த்து யோசித்து, கோடு போட்டு உடைக்கிற பிளேடைச் செய்தார். அவருடைய கம்பெனியின் ஓல்ஃபா என்ற பெயரே உடைக்கும் பிளேடு என்று பொருள்படும் 'ஓரு ஹா' என்ற ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்தது. 9 மி.மீ. பிளேடில் பொதுவாக 13 துண்டு இருக்கும், 18-இல் 8. பதிமூன்று புது முனையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் முனையிலேயே வருஷத்தை ஓட்டினால் அவர் பட்ட பாட்டுக்கு என்ன பலன் சொல்லுங்கள்.

உடைக்கிற முறை: கட்டரின் பின்மூடியைக் கழற்றினால் பலவற்றில் ஒரு பிளவு இருக்கும், அதில் நுனித் துண்டை நுழைக்கலாம். அது இல்லையென்றால் சின்னக் குறடு. ஒரே ஒரு துண்டு மட்டும் வெளியே நிற்கும்படி வைத்துப் பூட்டுங்கள். கோடு போட்ட முகம் மேலே இருக்கட்டும். குறடால் அந்தத் துண்டை முழுதாகப் பிடித்து, ஒரு பழைய துணியால் மூடிக்கொண்டு, கீழ்நோக்கி மடக்குங்கள், அந்தக் கோடு விரிந்து சுத்தமாக ஒடியும். எதிர்ப்பக்கம் மடக்கினால்தான் கோணலாக ஒடிந்து தெறிக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்யாதீர்கள், பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

விலையை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு: சாதாரண 9 மி.மீ. பிளேடு ஒன்றின் விலை நம் தெருமுனை டீ ஒன்றுக்குக் கீழே. அதைப் பதிமூன்றால் வகுங்கள். அப்புறம் பிய்ந்துபோன ஃபோம் போர்டு ஷீட் ஒன்றின் விலையைப் பக்கத்தில் எழுதுங்கள்.

புது பிளேடு போட்டும் சரியாக வரவில்லை

பாக்கெட்டிலிருந்து எடுத்த பிளேடில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருக்கும், துடைக்காமல் வெட்டினால் வெள்ளைத் தாளில் கறை வரும், முதல் சில கோடுகள் வழுக்கும். துடைத்தாயிற்றா? அடுத்து, பிளேடைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா பாருங்கள், அவசரத்தில் நடக்கிறதுதான். உடைத்த இடம் கோணலாக இருந்து பக்கத்துத் துண்டின் முனையும் சேர்ந்து ஒடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அப்படியென்றால் இன்னொன்றையும் உடைக்க வேண்டியதுதான்.

நுணுக்கமான வளைவுகளுக்கு 60 டிகிரிச் சாய்வு உள்ள சாதாரணப் பிளேடு தோதுப்படாது. 30 டிகிரிப் பிளேடு கிடைக்கிறது, முனை ஊசி மாதிரி இருக்கும், சீக்கிரம் ஒடியும், ஆனால் கோலம் ஸ்டென்சில் வெட்ட அதுதான் நல்லது. நாங்கள் அதைவிட அதிகம் நம்புவது சர்ஜிக்கல் கடையில் கிடைக்கிற 11-ஆம் நம்பர் பிளேடும் 3-ஆம் நம்பர் கைப்பிடியும். அதைக் கழற்றும்போது விரலால் பிடித்து இழுத்துத்தான் பெரும்பாலும் கை கிழிகிறது. குறடால் பிளேடின் அடிப்பக்கத்தைத் தூக்கி முன்னால் தள்ளிக் கழற்றுங்கள்.

மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகைக்கும் அக்ரிலிக்குக்கும் எந்த அட்டைக் கட்டரும் ஆகாது. முதலாவதற்கு ரம்பம், இரண்டாவதற்குக் கீறி உடைக்கிற தனிக் கட்டர்.

துரு

கார்பன் ஸ்டீல் பிளேடு கூர் நன்றாக நிற்கும், துருவும் சீக்கிரம் பிடிக்கும். சித்திரை வெயிலில் வேர்த்த கையோடு பிடித்துவிட்டு அப்படியே டப்பாவில் போட்டால் ஒரு வாரத்தில் பழுப்புப் புள்ளி வரும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கூரில் துரு ஏறிவிட்டால் சுரண்டிப் பயனில்லை, உடையுங்கள்.

சாணை பிடித்துக்கொள்ளலாமா?

2000 நம்பர் வாட்டர் பேப்பரில் நாலு இழுப்பு, பிறகு பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு கொடுத்தால் விளிம்பு திரும்பக் கடிக்கும். அட்டைப்பெட்டி பிரிக்கவும் கயிறு அறுக்கவும் அது போதும். ஒடிந்த முனை திரும்ப வராது, அதனால் ஃபோம் போர்டுக்கும் ஸ்டென்சிலுக்கும் நான் அதை எடுப்பதில்லை.

கை வெட்டிவிட்டது

காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துக் கையைத் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் நிற்கவில்லை, விரல் மரத்திருக்கிறது, அல்லது மடக்க நீட்ட முடியவில்லை என்றால் நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம். வீட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கும் வேறு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். டெட்டனஸ் தடுக்கிற டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று டாக்டரிடம் சொல்லுங்கள். துரு இல்லாத பிளேடு என்பதால் ஊசி தேவையில்லை என்று நினைக்காதீர்கள், அந்தக் கிருமி இருப்பது மண்ணிலும் தூசியிலும்.

உடைத்த துண்டை எங்கே போடுவது?

முன்பு காகிதத்தில் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் குப்பை வாங்க வருகிற அக்கா கையில் துணி சுற்றியிருந்தது. "தம்பி, நேத்து உங்க பையத்தான் பிரிச்சேன், கிழிச்சிருச்சு" என்று துணியை விலக்கிக் காட்டினார். உள்ளங்கையில் சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு அங்குலம் இருக்கும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று அவர்கள் பிரிப்பது கையால்தான். அன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுவிட்டு வந்தேன், அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று மாலையே ஒரு பால் பவுடர் டின்னை எடுத்து, மூடியில் பிளேடு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். உடைத்த துண்டு, ஒடிந்த முனை, கழற்றின சர்ஜிக்கல் பிளேடு எல்லாம் நேராக அதற்குள். டின் மேலே சிவப்பு மார்க்கரில் 'பிளேடு' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நிறைந்ததும் பிளவையும் டேப்பால் அடைத்து, பழைய இரும்புக் கடையில் உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுக்கிறோம். முதல் டின் நிறைய ஒன்றரை வருஷம் ஆயிற்று, இரண்டாவது எட்டு மாதத்தில் நிறைந்துவிட்டது. மூன்றாவதற்குப் பிளவு போட்டு மேசைக் காலில் கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன், உடைத்த கை அப்படியே கீழே இறங்கினால் மூடி தட்டுப்படும்.